மதினிக்குக் கேட்ட தனி அறை

மதினி,

இன்று சாயங்காலம் கிராஸ் ரோட்டில் இரண்டு கிலோ சாத்துக்குடி வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன், பார்க்கப் போகவேண்டும். கடைக்காரன் ருசி காட்ட ஒன்றைக் கீறினான். அந்த வாசனை ஏறியதும் செம்பூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த அறை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. பையை அங்கேயே வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

நம் சந்தில் யார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் தூக்குவாளியில் ரசத்தோடு முதல் ஆளாய்ப் போய் நிற்பவர் நீங்கள். "கல்யாணத்துக்குப் போவலன்னா மன்னிச்சிருவாவ. ஆஸ்பத்திரிக்குப் போவலன்னா சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாவ" என்பீர்கள். அதனால் உங்களுக்கு நிமோனியா என்றதும் தாராவியிலிருந்து நம் ஊர்க்காரர்கள் மொத்தமாகக் கிளம்பி வந்தார்கள். மூன்று பேர் படுக்கிற அறை அது. இரண்டு பேருக்கு மேல் விடமாட்டேன் என்று நர்ஸ் வாசலில் மறித்துக்கொண்டு இந்தியில் கத்தினாள். வேலையை முடித்துவிட்டு வந்த சனம் சாத்துக்குடிப் பைகளோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் அண்ணன் தவித்தான்.

எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. குடும்பத்துக்கே இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான். கூரியர் ஆபீஸில் வேலை, இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் என்ற மிதப்பு வேறு. "பாலிசி இருக்குல்லா, என்னத்துக்குப் பயப்படுத? தனி ரூம் கேக்கேன்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு நானே கையெழுத்துப் போட்டேன்.

"ஏ தம்பி, மதினிய கல்யாண மண்டபத்துலல்லா கொண்டு படுக்க வச்சிருக்க" என்று ஆக்சிஜன் குழாயோடு சிரித்தீர்கள். ஊர்க்காரர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ராஜா மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறாம் நாள் பில் கவுண்டரில் கூப்பிட்டார்கள். பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு உண்டாம். அதைத் தாண்டினால் வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஸ்கேன் என்று ஒவ்வொன்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்களாம். பாதிக்கு மேல் நம் தலையில் விழுந்தது. பழைய அறையிலேயே இருந்திருந்தால் முக்கால்வாசி கிடைத்திருக்குமே என்றாள் கவுண்டரில் இருந்த பெண். திரும்பப் போகிறோம் என்றேன், படுக்கை காலியில்லை. பாலிசியைப் பிரித்துப் பார்த்தேன். நாலாம் பக்கத்தில் இருந்தது. இங்கிலீஷில்தான் இருந்தது.

அறைக்கு வந்தேன். முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டீர்கள். டாக்டர் இன்னும் ஐந்து நாள் இருக்கச் சொல்லியிருந்தார். "அந்த அஞ்சு நாளுக்கு எம்புட்டு ஆவும்? மறைக்காம சொல்லு" என்றீர்கள். சொன்னேன். ஒரு பைசா குறைக்காமல் சொன்னேன்.

"பிள்ளை கல்யாணத்துக்கு எடுத்து வச்ச நகையில ஒருத்தரும் கைய வைக்கக் கூடாது. எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது. வீட்டுக்குப் போவோம்" என்றீர்கள். மூச்சு நன்றாக வரவில்லை. அண்ணன் அழுதான், கெஞ்சினான். நீங்கள் குழாயை நீங்களே கழற்றிவிட்டீர்கள். அதுவரை ஆனதற்கு அவன் தையல் மெஷின் இரண்டையும் விற்றான். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காய்ச்சல் திரும்பியது. அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை, நாங்கள்தான் பிந்திவிட்டோம்.

போன தையில் பிள்ளைக்கு மாட்டுங்காவில் கல்யாணம் நடந்தது. நகை ஒரு குண்டுமணி குறையாமல் அவள் கழுத்தில் கிடந்தது. "அம்மை இருந்து பாக்கலியே சித்தப்பா" என்று காலில் விழுந்தாள். தூக்கிவிட்டேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் குடித்துவிட்டு வந்ததை, எனக்கு வேலை போயிருந்த இரண்டு மாதத்தை, இப்படி எத்தனையோ உங்களிடம் கூசாமல் மறைத்திருக்கிறேன். அன்றைக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இப்போது ரயிலில் போகும்போதெல்லாம் வாய்க்குள் அதைச் சொல்லிப் பார்க்கிறேன்: "எல்லாம் இன்சூரன்ஸ் பாத்துக்கிடும் மதினி. நீங்க சும்மா படுங்க."