நொடி பிசகாமல்

குன்றத்தூர்,
20.01.2025

தங்கை உமாதேவிக்கு, பெருந்தேவி எழுதுவது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பேரன் விமல் டிப்ளமோவில் எல்லாப் பாடமும் பாஸ். ஒன்றுகூட அரியர் கிடையாது. சின்னவன் பெண் கவிப்பிரியா கோ-கோ ஆட மாவட்டம் வரைக்கும் போய்க் கோப்பை வாங்கி வந்தாள். அது டிவி பக்கத்தில் இருக்கிறது. விமலின் தங்கை யுவஸ்ரீ, ஒரகடம் கம்பெனியில் உன் பேத்தி காவேரியோடு ஒரே லைனில் நின்று வேலை செய்கிறாளே, அவளை இப்போது ட்ரெயினர் ஆக்கியிருக்கிறார்கள். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு ஸ்க்ரூ முடுக்க இவள்தான் கற்றுக்கொடுக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். என் வீட்டில் இத்தனை.

இன்னொன்று. பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர்கள் கம்பெனியில் மாரத்தான் வைக்கிறார்கள். பத்து கிலோமீட்டர். ஓடி முடிக்கிற ஒவ்வொருவர் பெயரிலும், நடக்க முடியாத ஒரு பிள்ளைக்குக் கம்பெனி சக்கர நாற்காலி வாங்கிக் கொடுக்கும். பாதியில் உட்கார்ந்துவிட்டால் நாற்காலி இல்லை. யுவஸ்ரீ லைனில் ஆறு பெண்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஷிப்ட் விட்டதும் கம்பெனி ரோட்டிலேயே ஓடிப் பழகுகிறார்களாம். கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து, "இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டீங்களா? ஏத்திக்கினு போவட்டா?" என்று கேலி செய்கிறார்களாம்.

யுவஸ்ரீயின் மஞ்சள் நீராட்டில் அத்தனை பேர் நடுவில், "முருங்கக்காய்க்குப் பொடவ சுத்தின மாரி கீது" என்று சொன்னாயே, அந்த முருங்கைக்காய்தான் ஓடப்போகிறது. அன்றைக்கு உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று சாமி முன்னால் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காவேரி ஓடுகிறாளா?

இப்படிக்கு,
பெருந்தேவி

*

சிங்கப்பெருமாள் கோவில்,
27.01.2025

அக்காவுக்கு உமாதேவி.

உன் கடிதம் வந்தது. பாதி உன் வீட்டுப் பெருமை, மீதி என் மேல் குற்றம். எட்டு வருடமாக இப்படித்தான். உடம்பு தெம்பாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

காவேரி ஓடாமலா? அந்த ஆறு பேரில் இவளும் ஒருத்தி. கம்பெனி ரோட்டில் ஓடுவது போதாது என்று விடியற்காலையில் ஸ்டேஷன் ரோட்டிலும் ஓடுகிறாள். முதல் நாள் நாய்கள் துரத்தின. இப்போது இவளுக்கு முன்னால் ஓடிப்போய் டீக்கடையில் காத்திருக்கின்றன. முட்டி வீங்கிவிட்டது. "உடுடி, நாற்காலிய கம்பெனிக்காரனே குடுத்துட்டுப் போறான்" என்றேன். "எனக்குன்னு ஒரு புள்ள உக்காந்துகினு கீது ஆயா. நான் முடிச்சாதான் அதுக்கு நாற்காலி" என்கிறாள். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

இரண்டு பேத்திகளும் ஒன்றாக ஓடுகிற போட்டோ ஒன்று எனக்கு வேண்டும். செல்லில் வேண்டாம், கண் பிடிக்கவில்லை. பிரிண்ட் போட்டு அனுப்பச் சொல்.

உமாதேவி

*

சிங்கப்பெருமாள் கோவில்,
14.02.2025

அக்கா,

உன் கடிதம் வரட்டும் என்று பார்த்தேன். பொறுக்கவில்லை. காவேரி ஓடி முடித்துவிட்டாள்! சர்டிபிகேட் வந்துவிட்டது. என் மருமகள் செல்லில் பார்த்துச் சொன்னாள், யுவஸ்ரீ முடித்த நேரமும் இவள் முடித்த நேரமும் ஒன்றுதானாம். நொடி பிசகாமல் ஒன்று. கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்களோ என்னவோ.

அன்று காலை வந்து படுத்தவள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடிய உடம்பு, பின்னே எப்படி இருக்கும்? நான் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன்.

போட்டோதான் இன்னும் வரவில்லை. காவேரியைக் கேட்டால், "யுவஸ்ரீ கிட்ட கீது ஆயா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். சீக்கிரம் அனுப்பு.

உமாதேவி

*

குன்றத்தூர்,
20.02.2025

உமாதேவிக்கு,

சந்தோஷம். யுவஸ்ரீயின் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள்.

போட்டோவை விடு. கூட்டத்தில் சரியாக விழவில்லை. காவேரியின் முட்டி எப்படி இருக்கிறது? அதையும் இதையும் கேட்டு அவளைத் தொந்தரவு செய்யாதே. ஓய்வெடுக்கட்டும்.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

பெருந்தேவி

*

சிங்கப்பெருமாள் கோவில்,
27.02.2025

அக்காவுக்கு,

மற்ற நாலு பெண்களுக்கும் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறதாம். இவர்கள் இருவருக்கு மட்டும் விழவில்லையா?

எனக்குப் புரிகிறது. கோ-கோ கோப்பை உன் வீட்டில், டிப்ளமோ உன் வீட்டில், ட்ரெயினர் உன் வீட்டில். ஓட்டத்தில் மட்டும் என் பேத்தி உன் பேத்திக்குச் சமமாக வந்துவிட்டாள். அது உனக்குப் பொறுக்கவில்லை. பொறாமை. அதனால் போட்டோவை அமுக்கி வைத்திருக்கிறாய்.

அது வரும்வரை நான் எழுதப்போவதில்லை. பேச்சு உன்னால் நின்றது. எழுத்து என்னால் நின்றதாக இருக்கட்டும்.

உமாதேவி

*

குன்றத்தூர்,
04.03.2025

உமாதேவிக்கு,

நீ கேட்ட போட்டோ இந்தக் கவரிலேயே இருக்கிறது. ஓட்டம் முடிகிற கோட்டில் யுவஸ்ரீ. பக்கத்தில் காவேரியைத் தேடாதே. யுவஸ்ரீயின் நெஞ்சைப் பார். மேலே ஒரு நம்பர் குத்தியிருக்கிறது. அதற்கு அடியில் இன்னொரு நம்பர் தெரிகிறது. அது காவேரியுடையது.

முந்தின நாள் காவேரிக்கு மதிய ஷிப்ட். அது முடிந்து, கூட வேலை செய்கிற பெண்ணின் ரூமில் படுத்துவிட்டு அப்படியே ஓடப் போவதாகத்தான் உன்னிடம் சொல்லியிருந்தாளாம். முடிகிற நேரத்தில், அடுத்து அவள் இடத்தில் நிற்க வேண்டிய பெண் வரவில்லை. லைன் லீடர் வசந்தகுமார், "நீயும் போய்ட்டா லைன் நின்னுடும்மா. காலைல வரைக்கும் பாத்துக்க" என்று நிறுத்திவிட்டார். செல் லாக்கரில் இருக்கிறது. யாருக்கும் சொல்ல முடியவில்லை.

ஆறு பேர் நம்பரையும் முன்கூட்டியே போய் வாங்கி வைத்திருந்தவள் யுவஸ்ரீ. விசில் ஊதுகிறவரைக்கும் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். பிறகு காவேரியின் நம்பரையும் தன் சட்டையிலேயே குத்திக்கொண்டு ஓடிவிட்டாள். நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிப்தான் நேரத்தைக் குறிக்கிறதாம். அது ஆளைப் பார்ப்பதில்லை.

"இன்னாடி வேல இது?" என்று கேட்டேன். "சோத்துக்கு அர மணி நேரம்தான் ஆயா உடுவாங்க. கேன்டீனுக்கு முன்னாடி போறவ எல்லாரோட கார்டையும் தட்டி, எல்லாருக்கும் தட்டு வாங்கி வெப்பா. அதே மாரிதான் நெனச்சேன். அவ நாற்காலி போய்டக் கூடாதுல்ல" என்றாள். அவளுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

அன்று காவேரி வந்து படுத்தது ஓடிய களைப்பு இல்லை. இரண்டு ஷிப்ட் நின்ற களைப்பு. அவள் எழுந்திருப்பதற்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது, நீ லட்டு வாங்கக் கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பெண் என்ன சொல்லும்?

நானாக இதைச் சொல்லியிருக்க மாட்டேன். பொறாமை என்று எழுதினாய். அதனால் சொல்கிறேன். அவளைத் திட்டாதே.

பெருந்தேவி

*

சிங்கப்பெருமாள் கோவில்,
24.03.2025

அக்கா,

போட்டோ வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

காவேரியைத் திட்டவில்லை. சாப்பிடும்போது போட்டோவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "தெருவுக்கே லட்டு குடுத்துட்டு வந்து நிக்கிற ஆயா, நான் எப்டி சொல்லுவேன்" என்று அழுதாள். மறுநாள் யுவஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு எச்.ஆர். செந்தமிழன் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர், "சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாராம். இரண்டு பேர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு நாற்காலியும் இல்லை. நீ ஹாலில் மாட்டியிருப்பதும் இனிச் செல்லாது.

லட்டு தின்ற வீடுகளுக்கெல்லாம் நானே போய்ச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். போகட்டும்.

லைன் பெண்கள் விடவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வல்லம் வடகால் ரோட்டில் ஆறு பேரும் மறுபடி பத்து கிலோமீட்டர் ஓடுகிறார்கள். செந்தமிழன் சார் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு யாராவது வராவிட்டால் லைனில் தானே நிற்பதாக வசந்தகுமார் சொன்னாராம்.

நான் போகிறேன். நீ வந்தால் வா.

உமாதேவி

*

குன்றத்தூர்,
11.04.2025

அன்புள்ள உமாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதலில் பிள்ளைகள் செய்தி. விமலுக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை கிடைத்துவிட்டது. கவிப்பிரியா முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். யுவஸ்ரீ பத்து கிலோமீட்டர் ஓடி முடித்தாள். காவேரியும் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்தாள். இதை நம் வீட்டுக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறேன்.

நீயும் பார்த்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நடுவில் லாரிகள். கடைசித் திருப்பத்தில் யுவஸ்ரீக்கு மூச்சு வாங்கி நடக்க ஆரம்பித்தாள். நீ அங்கிருந்து, "ஏய் முருங்கக்கா! இன்னாடி நடக்குற? ஓடுடி, உட்டுடாத!" என்று கத்தினாய். அவள் சிரித்துவிட்டு ஓடினாள். எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

காவேரி கடைசியாகத்தான் வந்தாள், முட்டியைத் தாங்கித் தாங்கி. இருவர் நேரத்தையும் செந்தமிழன் சார் தனித்தனியாக எழுதிக்கொண்டார். ஒன்றுக்கொன்று ரொம்ப வித்தியாசம். "ரெண்டு நாற்காலியும் உண்டும்மா" என்று அவர் சொன்னபோது, காவேரி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நீ ரோட்டைக் கடந்து வந்து, மோர்க்காரம்மாவைப் பார்த்து, "இவங்களுக்கு ஒரு டம்ளர் குடும்மா" என்றாய். நானும் அந்த அம்மாவைப் பார்த்து, "உப்பு கம்மியா கீதும்மா" என்றேன். அது பேச்சில் சேராது. சாமிக்குச் சொன்னது சொன்னதுதான்.

ஹாலில் இருந்த சர்டிபிகேட்டைக் கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

செந்தமிழன் சார் காவேரியின் செல்லில் ஒரு போட்டோ எடுத்தாரே, இரண்டு பெண்களும் நடுவில், ஆளுக்கொரு நம்பரோடு. அதைப் பிரிண்ட் போட்டுக் கவரில் அனுப்பு. ஓரத்தில் இரண்டு கிழவிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அதை வெட்டிவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா
பெருந்தேவி