வெயிலில் நிற்கப் போகிறேன், அத்தா

என் உயிரான அத்தாவுக்கு,

உங்கள் மண்ணறையை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். ரியாத்தில் உங்களை அடக்கிய இடத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் சைட்டில் மயங்கி விழுந்தீர்கள் என்று போனில் சொன்னார்கள், அவ்வளவுதான். போய் நின்று பேச ஓர் இடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் பேச்சை மீறி ஒரு காரியம் செய்துவிட்டேன்.

ப்ளஸ் டூவில் நல்ல மார்க். "அத்தா சொன்ன மாதிரியே கம்ப்யூட்டர் எடு" என்றார் அம்மா. கம்பி கட்டியே காலம் கழித்த நீங்கள் போனில் சொன்னது எனக்கு மனப்பாடம்: "வெயில நான் பாத்துக்கிறேன். நீ ஏசி ரூம்ல உக்காந்து வேல செய்யணும்மா." நானும் "சரித்தா" என்பேன். ஆனால் நீங்கள் அனுப்பிய கட்டடப் படங்களைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு சிவில்தான் பிடிக்கிறது என்று ஏன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை?

நீங்கள் போன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. இது என் ஆசையா, உங்களைத் தேடுகிற ஏக்கமா? வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலேஜ் திறப்பதற்குள் இந்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று கிளம்பினேன்.

கடலூரில் மூன்று காண்ட்ராக்டர் ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில், "டிகிரி முடிச்சிட்டு வாம்மா." இன்னோரிடத்தில், "கூட ஆம்பள யாரும் வரலியா?" மூன்றாவது இடத்தில் போன் எடுக்கிற வேலை இருக்கிறது என்றார்கள். சிதம்பரத்தில் நிலம் அளக்கும் ஆபீஸ் ஒன்றில்தான் செல்வி அக்காவைப் பார்த்தேன். அங்கே இன்ஜினியர். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.

"ஸ்டாஃப் கோல் புடிக்க ஆளில்ல. வெயில்ல நிப்பியா?"

"நிப்பேன்க்கா."

"ஒரு வாரம் பாப்போம்."

மாமா குதித்தார். "பொம்பளப் புள்ள ரோட்டுல கோலப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதா? ஒங்க அத்தா இருந்தா சம்மதிச்சிருப்பாரா?" அம்மாதான், "ஒரு வாரம்தானண்ணே, போய்ட்டு வரட்டும்" என்றார்.

ஸ்டாஃப் என்பது எண்கள் போட்ட நீளமான கோல். நான் அதை நேராகப் பிடிக்க, தூரத்தில் மெஷின் வழியாக அக்கா அளவு படிப்பார். புவனகிரியில் ஒரு தெருவுக்குச் சாக்கடை வாய்க்கால் வரப்போகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது இந்த அளவில்தான் இருக்கிறது.

நான்காம் நாள் மெஷினை அடுத்த இடத்துக்கு மாற்றும்போது, "கல்லு மேலேந்து கோல அசைக்காத, அடுத்த அளவெல்லாம் தப்பாயிடும்" என்றார் அக்கா, கோல் நின்ற கல்லைக் காட்டி. அந்த நேரம் ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "குடி கண்ணு, மொகமெல்லாம் செவந்து போச்சி." கோலைச் சாய்த்து வைத்துவிட்டுக் குடித்தேன். திரும்ப வைக்கும்போது கல்லில் வைக்கவில்லை, பக்கத்து மண்ணில் வைத்துவிட்டேன். கவனித்தும், கொஞ்சம்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மத்தியானம், ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து அளந்து பார்த்தால் கணக்கு பொருந்தவில்லை. நாலு விரல் அளவு வித்தியாசம். எங்களோடு வந்திருந்த, ஆபீஸில் படம் வரைகிறவர், "இது ஒரு மேட்டராக்கா? எல்லாப் பாயிண்ட்லயும் பிரிச்சிப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிரலாம்" என்றார். அக்கா தான்தான் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகும், மாமா ஜெயித்துவிடுவார். சொல்லாவிட்டால்? அந்த நாலு விரலில் தண்ணீர் திரும்பி, செம்பு நீட்டிய அந்த அம்மா வீட்டு வாசலில் அல்லவா நிற்கும்?

"அக்கா, நான்தான் கோல எடுத்துட்டேன். மண்ணுல வெச்சிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தார். "காலையிலயே சொல்ல வேண்டியதுதானடி?" என்று கத்தினார். பிறகு, "மெஷின எடு" என்றார். முழுத் தெருவையும் முதலிலிருந்து அளந்தோம். தார் கொதித்தது. ஆனாலும் கணக்கு பொருந்துகிற வரைக்கும் அங்கிருந்து நகரக் கூடாது என்று எனக்கே ஒரு வெறி வந்தது. அப்போதுதான் தெரிந்தது அத்தா, இது ஏக்கம் மட்டும் இல்லை.

பஸ் ஏறும்போது அக்கா கேட்டார்: "நாளைக்கி வருவல்ல?"

ஒரு வாரம் இரண்டு மாதமானது. கவுன்சிலிங்கில் சிவிலை முதலில் போட்டேன். அண்ணாமலை நகரிலேயே சீட் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். அவர், "அத்தாகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லிவிட்டேன். கோபமா அத்தா? நேரில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா? அது தெரியாமல்தான் இன்னும் தவிக்கிறேன்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அல்லாஹ் நாடினால் எனக்கென்று ஒரு சைட் வரும். அங்கே கம்பி கட்டுகிற எவருடைய அத்தாவையும் உச்சி வெயிலில் நிற்க விடமாட்டேன்.

உங்கள் சொல்லை மீறிய, உங்கள் மூத்த மகள்
நஸ்ரின்