தங்கப் பல்லும் வாய்க்கரிசியும்

சிரித்தால் பல் முதலில் வந்து வாங்க என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று சம்பளம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். ஜாசின் டவுன் காப்பிக் கடையில் பத்திரிகையை உரக்கப் படித்து உலக நடப்பை விளக்குகிறவர் உங்கள் தம்பி, என் சித்தப்பா. இதையும் அவர் வாயாலேயே ஊர் கேட்கட்டும்.

ரப்பர் விலை விழுந்துவிட்டது அப்பா. கொரியாவில் சண்டை மூண்டு விலை ஏறியபோது, எல்லாம் தன் நிர்வாகத் திறமை என்றார் எஸ்டேட் துரை. இப்போது உலக மார்க்கெட் என்கிறார். ஏற்றம் எங்கள் கூலி லயத்துக்கு நடந்து வந்தது, இறக்கம் லாரி ஏறி வந்தது. அதற்குள் சம்பளத்தை வெட்டியாகிவிட்டது.

அந்த நல்ல காலத்தின் லட்சணம் நினைவிருக்கிறதா? கையில் காசு புரண்டது, அரிசி மட்டும் அளந்துதான். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடுமாம், லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். பால் டின்னைக்கூடக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார், நாம் சேர்த்து வைக்கக்கூடாது என்று. சோற்றுக்கு ஆகாத காசை ஜனங்கள் என்ன செய்வார்கள்? மழை ஒழுகுகிற வீட்டில் கிராமபோன் பாடியது. அதை முன்னேற்றம் என்று மேடை போட்டுப் பேசினார்கள்.

நீங்கள் பல் கட்டிக்கொண்டீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் பெட்டி நிறைய நீங்கள் சேர்த்த, வாழைமரப் படம் போட்ட அவன் நோட்டு, அவன் தோற்றதும் அடுப்புக்குத்தானே போனது. அதற்குப் பிறகு நீங்கள் காகிதத்தை நம்பவேயில்லை. பாசார் கடைத்தெருவில் சீனப் பல் வைத்தியரிடம் தங்கப் பல் கட்டிக்கொண்டு வந்து நின்று, "எந்த ராஜா வந்தாலும் இது செல்லும் லா" என்றீர்கள்.

ஊதாரி என்று சிரித்தார் சித்தப்பா. அவர் புத்திசாலி அல்லவா. ரப்பர் விலை இனி இறங்கவே இறங்காது என்று காப்பிக் கடையில் அடித்துச் சொல்லிவிட்டு, உச்ச விலையில், வட்டிக்கு வாங்கிய பணத்தில், இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் வாங்கினார். ஜாமீனுக்கு ஆள் தேவைப்பட்டபோது மட்டும் ஊதாரி அண்ணன் ஞாபகம் வந்தது. நீங்களும் கைநாட்டு வைத்தீர்கள். ஏன் அப்பா வைத்தீர்கள்? இதைக் கேட்காமலே உங்களை அனுப்பிவிட்டேன்.

நீங்கள் மார்ச்சளியில் போன அன்று காலை உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தோம். சித்தப்பா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். துக்கம் சொல்லத்தான் என்று போனேன்.

"பல்லு மண்ணுக்குள்ள போயி யாருக்குப் பிரயோஜனம்? எடுத்தா ஜாமீன் கடனுல பாதி அடையும்லா. இல்லாட்டி அண்ணன் பேருதானே கெடும்."

அண்ணன் கடனாம். தோட்டம் இவருடையது, கடன் மட்டும் உங்களுடையது. உங்கள் வாயைத் தொட்டால் அந்தக் கையை வெட்டுவேன் என்று ரப்பர் பால் வெட்டுகிற கத்தியைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அழ ஆரம்பித்தார், கூடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். சித்தப்பா, இந்த இடத்தில் தொண்டை அடைத்தால் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் தொடருங்கள்.

ஊரடங்குக்கு முன் புதைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று அவசரமாகத் தூக்கினார்கள். நம் வழக்கப்படி குழிமேட்டில் வாய்க்கரிசி போடுவதற்கு, ரேஷன் அரிசியில் ஒரு பிடி முடிந்து சித்தப்பா கையில் கொடுத்திருந்தேன். முள்வேலி கேட்டில் நின்ற காவல்காரன் முடிச்சை அவிழ்க்கச் சொன்னான். நம் லயத்தில் வளர்ந்தவன்தான், என்னை அக்கா என்கிறவன். வேலிக்கு வெளியே அரிசி போகக்கூடாது என்றான். பின்னால் வந்துகொண்டிருந்த நான் ஓடிப்போய், இங்கேயே இறக்குங்கள், இங்கேயே வாயில் போட்டுவிடுகிறோம் என்று கேட்டேன்.

"வாயில போட்டாலும் வெளிய தானேக்கா போவுது. ஒரு மணிகூடப் போவக்கூடாதுன்னு ஆர்டர் லா."

காப்பி விலைக்கு அரை நாள் வாதாடுகிற சித்தப்பா உடனே முன்னால் வந்தார். முடிச்சை நீட்டினார். காவல்காரன் உங்கள் முகத்துத் துணியையும் விலக்கிப் பார்த்தான். பல் வெயிலில் மின்னியது. அதற்கு ஆர்டர் இல்லைபோல, துணியை மூடிவிட்டுப் போகலாம் என்றான்.

தங்கம் கேட்டைத் தாண்டிப் போனது, ஒரு பிடி அரிசி போகவில்லை. இதுதான் இவர்கள் கொண்டாடிய செழிப்பு. குழியில் இறக்கியபோது சித்தப்பா மண்ணைக் கிள்ளி உங்கள் வாயில் போட்டாராம்.

வட்டிக்குக் கொடுத்தவர் சம்பள நாளில் என் வாசலில் நிற்கிறார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், என் பிள்ளைகள் மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு தின்கிறார்கள். போன வாரம்கூடச் சித்தப்பா வந்து, பல் சும்மா மண்ணில் கிடக்கிறதே என்று பெருமூச்சு விட்டார். கிடக்கட்டும். நீங்கள் சம்பாதித்ததில் யாரும் தொடாதது அது ஒன்றுதான்.

என்றைக்காவது இந்த வேலியைப் பிடுங்குவார்கள். அன்று ஒரு படி அரிசியை மறைக்காமல் தலையில் வைத்துக்கொண்டு, அதே கேட் வழியாக உங்களிடம் வருவேன். பெண்பிள்ளை குழிமேட்டுக்கு வரக்கூடாது என்று சித்தப்பா சொல்வார். வாயில் மண்ணைப் போட்டவர் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அதுவரை பசி பொறுத்திருங்கள் அப்பா.

உங்கள் கைநாட்டுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்
ஒரே மகள்,
அஞ்சலை