திரும்பி வரும் ரப்பர் சரக்கு

புதுவாயல்
14-7-1976

அன்புள்ள சாலமோன் அண்ணனுக்கு,

நைனா சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை செல்வி. நைனா தானே எழுத உட்கார்ந்து கோபத்தில் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார், மூன்றாவதை அம்மா பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். சொல்வதை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன், திட்டையும் விடமாட்டேன், பிறகு என்னைக் கோபித்துக்கொள்ளாதே. கர்த்தர் கிருபையால் நாங்கள் மூவரும் உடம்புக்கு நலம், நீயும் கோட்டயத்தில் அப்படியே இருப்பாய் என்று அம்மா எழுதச் சொல்கிறாள். அவனுக்கு இன்னா கேடு, நல்லாத்தான் இருப்பான் என்கிறார் நைனா.

முந்தாநாள் உங்கள் கம்பெனி ரப்பர் ஷீட் லாரி கும்மிடிப்பூண்டி பேக்டரிக்கு வந்தது. நீ சொல்லியனுப்பியதை டிரைவர் ஆதிநாராயணன் நைனாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம், கூட்ரோடு டீக்கடையில் நின்று ஊர் கேட்கச் சொன்னார். சரக்கு கொஞ்சம் முரடாம், பேக்டரி லேபில் சோதிப்பது உன் நைனாதானாம், சாம்பிளை உருளை மில்லில் நாலு சுற்று கூட விட்டால் மெஷின் முள் இறங்கிவிடுமாம், பாஸ் ஆனால் உன் வேலை நிரந்தரமாம். பெரிய மில் ஓட்டுகிற குப்புராஜ் மாமா பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் இப்படி ஒரு முரட்டு ரப்பர் ரோலரில் பிடிக்காமல் துள்ள, கையால் தள்ளப்போய் இரண்டு விரலை இழந்தவர் அவர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இன்னா பாக்கியநாதா, மிச்சம் எட்டு கீது, உம் புள்ளைக்கு எத்தினி ஓணுமாம் கேட்டுச் சொல்லு என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம்.

எனக்குப் புரியாததை எழுத மாட்டேன் என்று சொன்னதால் சிடுசிடுத்துக்கொண்டே விளக்கினார். ஷீட்டுகளில் அங்கங்கே வெட்டிய துண்டுகளை லேபிலுள்ள சின்ன மில்லின் இரண்டு உருளைகளுக்கு நடுவே பத்துத் தடவை விட்டு ஒன்றாக்க வேண்டும். பிறகு அதில் வட்டமாக வெட்டிய இரண்டு வில்லைகளுக்கு நடுவே மெஷினின் சக்கரத்தை வைத்து மூட வேண்டும். ஒரு நிமிஷம் சூடேறும், நாலு நிமிஷம் சக்கரம் சுற்றும், ரப்பர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று முள் காட்டும். மில்லில் அதிகமாக விட்டால் ரப்பர் நைந்து இளகிவிடும். ஆனால் இளகுவது அந்தத் துண்டு மட்டும்தான், கோடவுனில் கிடக்கும் சரக்கெல்லாம் முரடாகவே பெரிய மில்லுக்குப் போகும். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமே என்றேன். தெரிஞ்சிதானே கேக்கறான், அதான் வயிறு எரியுது என்றார்.

இனி நைனா சொல்வது அப்படியே. டேய் சாலமோன், இன்னாடா நெனச்சிக்கினு கீறே, அடுத்தவன் வயல்ல நாத்து நட்ட ஜனம்டா நாம, என்னை நம்பி அந்த ரூம் சாவியக் குடுத்துக் கீறாங்க, அத்தப் போயி உன் மொதலாளிக்கு வித்துட்டியேடா. இந்த இடத்தில் அம்மா குறுக்கே வந்து, பாவம் புது வேலை, மொதலாளி மெரட்டியிருப்பான் என்றாள். மெரட்டினா மூட்டையக் கட்டிக்கினு ஊட்டுக்கு வர வேண்டியதுதானே, இங்க சோத்துக்கா பஞ்சம் என்று கத்தினார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

இன்று காலை நடந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. பத்துச் சுற்று முடிந்தும் கை நிற்கவில்லையாம். பதினொன்று விட்டார், பன்னிரண்டு விட்டார், உன் முகம்தான் கண்ணில் நின்றதாம். ரப்பர் வெதுவெதுப்பாக இளகிக் கைக்கு வந்ததும் அதைக் கழிவு டப்பாவில் எறிந்துவிட்டு, கோடவுனுக்குப் போய்ப் புதிதாக வெட்டி வந்தார். இந்தத் தடவை பத்தே சுற்று. முள் ஏறி நின்ற இடத்தைப் பார்த்துக் கெமிஸ்ட் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முரட்டுச் சரக்க அனுப்புனதக்கூட பொறுத்துக்குவேன், என் கையால அந்த ரெண்டு சுத்து விட வெச்சியே, அதுக்குத்தான்டா மனசு ஆறல என்கிறார்.

நாளைக் காலையில் அதே லாரி சரக்கோடு திரும்புகிறது, இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. வேலை போனால் வெட்கப்பட்டு எங்கேயும் அலையாதே, நேரே வீட்டுக்கு வா என்கிறாள் அம்மா. வந்தால் முதலில் குப்புராஜ் வீட்டு வாசலில் போய் நில், நம் வீடு அதற்கப்புறம்தான், இதை மறக்காதே என்கிறார் நைனா. ஆசீர்வாதம் என்று எழுதட்டுமா என்று நைனாவைக் கேட்டேன். எழுதுடி என்றாள் அம்மா. வேண்டாம் என்று நைனா சொல்லாததால் எழுதுகிறேன், கர்த்தர் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு
உன் நைனா
மு. பாக்கியநாதன்

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே. பேனாவை வாங்கியதும் நைனா எங்களுக்கு முகம் காட்டாமல் எழுந்து விளக்கை அணைத்துவிட்டார், இருட்டில்தான் போட்டார். இந்த வரியை நான் ஜன்னலோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.