கில்ட் பின் இறுக்குவதற்கு அல்ல

செவன் ஹில்ஸ்
சிட்னி
9 பெப்ரவரி 2025

யோகாவுக்கு,

நான் சுகம். நீர் சுகமோ என்று கேட்டால், "சுகமில்லாவிட்டால் எழுதுவேனா" என்று பதில் வரும். ஆகவே கேட்கவில்லை.

நான் இங்கே ஸ்கொட்லாந்துக்காரரின் பைப் ஊதும் பாண்டில் பெரிய ட்ரம் அடிப்பதை மகள் சயந்தினி சொல்லியிருப்பாள். போன ஞாயிறு அணிவகுப்பில் நல்ல காற்று. பாண்டில் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கில்ட் விலகாமலிருக்க, நீர் சேலைக்குக் குத்துவதுபோல, அதற்கென்று தந்த பெரிய பின்னை எடுத்து மேல்மடிப்பையும் உள்மடிப்பையும் சேர்த்து இறுக்கிக் குத்திவிட்டேன். பஸ்ஸில் இருக்கையை விட்டு எழும்பினேன். சரக்கென்று நாலு அங்குலம் கிழிந்தது. கில்ட் பாண்டுக்குச் சொந்தம். தலைவர் மக்லின் தைத்துத் தரச் சொல்லிவிட்டார். தம்பி விக்னராஜா சும்மா இருப்பானா? "என்ன அண்ணை, கிழட்டு வயசில பாவாடை கட்டி, அதையும் கிழிச்சுப்போட்டு நிக்கிறியள்!"

உம்மைப்போல் இழையோட்ட இங்கே ஆளில்லை. கில்ட்டை அனுப்பட்டுமா?

இன்னொன்று. ஈஸ்டருக்குப் போட்டியொன்றில் அடிக்க பாண்ட் மெல்பேர்ன் வருகிறது. முடிந்ததும் சில நாள் நம் வீட்டில் தங்கலாமா?

கதிர்காமநாதன்

*

கிளென் வேவர்லி
மெல்பேர்ன்
17 பெப்ரவரி 2025

சயந்தினியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "ரெண்டு கிழமை தம்பியோட நிண்டுபோட்டு வாறன்" என்று சொல்லிப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது "சில நாள்" என்கிறீர்கள். உங்கள் அகராதியில் அது எத்தனை ஆண்டு என்று தெரிந்தால் பதில் எழுத வசதியாயிருக்கும்.

முதலில் பின். நீங்கள் எதையும் வாசித்துப் பார்ப்பவரல்லர் என்பதால் அதைப் பற்றி நான் தேடி வாசித்தேன். கில்ட் பின் இறுக்குவதற்கு அல்ல. இடுப்பில் உள்ள தோல்வார்களும் கொக்கிகளுமே உடையைப் பிடிக்கின்றன. பின்னை மேல்மடிப்பில் மட்டும் குத்த வேண்டும். வலப்பக்கத்தில், குஞ்சம் விட்ட ஓரத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே, கீழ்விளிம்புக்கு மூன்று நான்கு அங்குலம் மேலே, நிமிர்த்தி. அதன் பாரத்தில் துணி காற்றுக்கு எழும்பாமல் நிற்கும். மற்றபடி அது அழகுக்கு. உள்மடிப்பைத் தொடவே கூடாது. தொட்டால் நடக்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று இழுக்கும். பிறகு நீங்கள் செய்ததுதான் நடக்கும். சேலைக்குக் குத்துவது போலவாம்! நாற்பது ஆண்டுகளாக நான் பின் குத்தியதை நீங்கள் ஒருநாளாவது பார்த்திருந்தால் வியப்பேன்.

பக்கத்து வீட்டு ஹம்சா நான் வாசித்ததை எட்டிப் பார்த்து, "என்ன ஆன்ட்டி, அங்கிள் ஸ்கர்ட்டா போடறாரு?" என்று சிரித்தாள். "அது ஸ்கர்ட் இல்லைப் பிள்ளை" என்று கால்மணி நேரம் விளக்கினேன். உங்களுக்காக வாதாடும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்ததற்கு நன்றி.

கில்ட்டை அனுப்புங்கள். தங்குவதற்கு, பாண்ட் தங்கும் விடுதி போதும்.

யோகா

*

செவன் ஹில்ஸ்
3 மார்ச் 2025

யோகாவுக்கு,

பொதியில் கில்ட் இருக்கிறது.

ஏன் போனேன் என்று நீர் ஒருநாளும் கேட்டதில்லை. சயந்தினி கலாநிதிப் பட்டம் பெற்ற விருந்தில், பதினாறு பேருக்கு முன்னால், நான் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் திருத்தினீர். ஆண்டைத் திருத்தினீர், ஊரைத் திருத்தினீர், கடைசியில் நான் சொன்ன பகிடியையும் திருத்தினீர். திருத்திய பகிடிக்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். அது வேறு.

இரண்டு நாள் போதும், யோகா. கேட்டுவிட்டேன். இனிக் கேட்க மாட்டேன்.

கதிர்காமநாதன்

*

கிளென் வேவர்லி
12 மார்ச் 2025

சயந்தினியின் அப்பாவுக்கு,

கில்ட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து இரண்டு நாள் பார்த்தேன். உங்களுக்குப் பொய் எழுத வராது; அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்றுக்காகப் பின்னைக் குத்துகிறவர் கீழே குத்துவார், காற்று தூக்குவது கீழ்விளிம்பை என்பதால். உங்கள் கிழிசல் இடுப்பிலிருந்து நான்கு விரல் கீழே இருக்கிறது. அங்கே எந்தக் காற்று வந்தது?

அடுத்தது தோல்வார்கள். கடைக்காரர் இட்ட துளைகளில் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கிறது. போன ஆண்டு நீங்கள் பூட்டிய இடம் அதுவாக இருக்கும். அதற்கும் உள்ளே, ஒவ்வொரு வாரிலும், ஆணியால் குத்திய துளைகள் மூன்று. கடைசித் துளை அண்மையில் குத்தியது, தோலின் ஓரம் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. அளவுநாடா பிடித்தேன். தேய்ந்த துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவே நாலரை அங்குலம். அதற்குமேல் இறுக்க வாரில் இடமில்லாமல் பின்னைக் குத்தி இறுக்கியிருக்கிறீர்கள். கில்ட் விலகும் என்று அல்ல, கழன்று விழும் என்று.

நீங்கள் ஓடி மெலிகிறவரல்லர். சோற்றைக் குறைக்கிறவரும் அல்லர்.

என்ன வருத்தம், எந்த வைத்தியர், அடுத்து என்ன செய்யப் போகிறார்கள். மூன்றுக்கும் மறுமொழி வேண்டும். தத்துவம் வேண்டாம்.

யோகா

*

செவன் ஹில்ஸ்
19 மார்ச் 2025

யோகாவுக்கு,

வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்கலாம் என்கிறார்கள். மே ஏழாம் திகதி, இங்கே சிட்னியில். வைத்தியரின் கடிதத்தின் பிரதி உள்ளே இருக்கிறது. நான் சொன்னால் எப்படியும் பிழை பிடிப்பீர்.

ஈஸ்டருக்குப் போட்டி ஒன்றும் இல்லை. பாண்ட் எங்கும் வரவில்லை. வெட்டுவதற்கு முன் இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், "ஒன்பது வருசம் எங்கயோ இருந்துபோட்டு, வருத்தம் வந்த உடனே ஓடி வாறார்" என்று நீர் நினைப்பீர். அதனால்தான் மறைத்தேன். விக்னராஜாவுக்கும் தெரியாது.

கில்ட்டைத் தைத்து மக்லினுக்கே அனுப்பிவிடும். இனி என்னால் ட்ரம் தூக்க முடியாது.

கதிர்காமநாதன்

*

கிளென் வேவர்லி
26 மார்ச் 2025

சயந்தினியின் அப்பாவுக்கு,

வருத்தம் வந்தவுடன் ஓடி வருகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அது தவறு என்று நான் எங்கே எழுதினேன்?

விக்னராஜாவுக்கு நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "அண்ணி, ஒரே வீட்டில இருந்துகொண்டு எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று அழுதார். அவரிடம் நீங்களே மன்னிப்புக் கேளுங்கள். அதையும் என்னால் செய்ய முடியாது. சத்திரசிகிச்சையை இங்கே மாற்றுவது பற்றிச் சயந்தினி உங்கள் வைத்தியரோடு கதைத்திருக்கிறாள். இங்குள்ள ஆஸ்பத்திரி, ரோவிலில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கிட்டத்தான் என்றாலும், நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள். அவளுக்கு வேலை இருக்கிறது.

கில்ட் மக்லினுக்குப் போய்விட்டது. பின்னை எங்கே குத்துவது என்று விளக்கி ஒரு பக்கம் எழுதி, பிறகு அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும் என்று கிழித்துவிட்டேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். நான் இனியும் திருத்துவேன். எழுபத்தாறு வயதில் அது நிற்காது. ஆனால் ஆட்கள் முன்னால் திருத்த மாட்டேன். அவர்கள் போகும்வரை பொறுத்திருப்பேன். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விருந்தில் நீங்கள் சொன்ன ஆண்டு சரி. நான் சொன்னதுதான் பிழை. அடுத்த வாரமே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. ஈஸ்டர்வரை எதற்குக் காத்திருப்பது? அடுத்த வெள்ளி, ஏப்ரல் நான்கு, காலை விமானம். சீட்டு உள்ளே இருக்கிறது. விமான நிலையத்துக்கு நான் வருவேன். சீட்டை ஒருவழிக்கு மட்டும் எடுத்திருக்கிறேன்; அதைப் பற்றி அங்கே நின்று எதுவும் கதைக்க வேண்டாம். காரைப் பத்து நிமிடத்துக்குமேல் நிறுத்த விடமாட்டார்கள்.

யோகா