மெத்தைக் குழியும் மறுதேர்வும்

சிஹாம் அக்காவுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி நஜீப் எழுதுவது.

அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரப் பெருமக்களும் ஜெர்மனி வாழ் அக்காவும் அறிய வேண்டிய அவசர அறிவிப்பு: நம் வீட்டுப் பூனைக்குச் சளி பிடித்திருக்கிறது. மற்றபடி இறைவன் அருளால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகமே அம்மாவின் துஆ. போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய், அதனால்தான் அங்கே வரும் மாமா கையில் பேரீச்சம்பழப் பலகாரத்தோடு இந்தக் கடிதம். “இயற்பியலில் பொதுச் சார்பியல் பரீட்சையில் தோற்றுவிட்டேன், மறுதேர்வு எழுதாமல் திரும்பி வருகிறேன்” என்றாயாமே. அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: “என் ஈரக்குலையே, வீடு உன்னுது, எப்ப வேணா வா. ஆனா தோத்த வெட்கத்தைத் தூக்கிக்கிட்டு வராதே. அந்தியில நம்ம மாடிக்கு மேல வர்ற வெள்ளை நட்சத்திரத்தோட வெளிச்சம், நீ என் வயித்துல இருந்தப்போ அங்கிருந்து கிளம்பினதுன்னு சொன்னியே. அதுவரைக்கும் நான் வானத்தை மழைக்கு மட்டும்தான் பாத்தவ. இப்போ தினமும் பாக்கிறேன், உன்னைக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்றேன்.” இதைச் சொல்லும்போது அம்மா வெங்காயம் நறுக்கவில்லை, அக்கா.

போன வாரம் மெத்தைகளைப் பிரித்து ஆட்டுரோமத்தைத் துவைத்துக் காயவைத்துத் திணித்தோம், தெருப் பெண்கள் எல்லாரும் மாடியில் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு வர்தியா அத்தை, “உங்க பொண்ணு என்னதான் படிக்கிறா?” என்று கேட்டதும் நான் களத்தில் குதித்தேன். அப்பாவை மெத்தை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் கொண்டைக்கடலையை உருட்டினேன், எல்லாம் அவரிடமே ஓடின. “அப்பா இழுக்கலை அத்தை, அவர் கனத்துல இடமே குழிஞ்சிருக்கு, சூரியனும் பூமியும் இப்படித்தான்” என்றேன். “இதுக்கா ஜெர்மனி போனா? கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க எல்லாரும் அந்தக் குழியிலதானே வந்து விழறோம்” என்றார் அம்மா. அப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் நஜீப் என்றே இப்போது தெருவில் பேச்சு.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி, மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் நெஞ்சை விரிவாக்கட்டும்.

என்றும் உன் அம்மா யமினா
(கையெழுத்து மட்டும் நஜீபுடையது)

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டதால் ஒரு உண்மை. வர்தியா அத்தை விடவில்லை. “மெத்தை கீழ குழியுது, சரி. வானத்துல மெத்தையும் இல்ல, கீழயும் இல்ல. அங்க எதுடா குழியுது?” என்று கேட்டுவிட்டார். பூனைக்குச் சளி, மருந்து கொடுக்கணும் என்று எழுந்து ஓடிவிட்டேன். பூனைக்குச் சளியே இல்லை. வெள்ளிக்கிழமை அத்தை கூஸ்கூஸ் தட்டோடு வந்து பூனையையும் விசாரித்தார், விடையையும் விசாரித்தார். தேர்வை எழுதி, விடையோடு வா அக்கா. அதுவரை பூனைக்குப் பதிலாக நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று தும்மிக்கொண்டிருக்கிறேன்.