சொல்லுக் கேளாத நெஞ்சு

1936 ஆனி 4
சோழகக் காற்று விட்டபாடில்லை. முற்றமெல்லாம் மணல். குசினிக் கூரைக்குக் கிடுகு மாற்றவேண்டும்.
இவர் காலையில் ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவித்த பிட்டை முழுக்கத் தின்றார். மத்தியானமும் அப்படியே. ஆனால் உடம்பு வற்றுகிறது, வேட்டி இடுப்பில் நிற்பதில்லை. இந்தக் காற்றிலும் வேர்க்கிறதாம். சிங்கப்பூர்ப் பென்சன் எடுக்கிற அறுபத்து நாலு வயது மனுஷன், கண் பளபளக்க, கலியாண மாப்பிள்ளை மாதிரித் திரிகிறார். நித்திரையும் இல்லை. என்ன யோசனையோ.

ஆனி 6
மாட்டுக்கு வைக்கோல் போடப் போனேன். வேலியில் ஆள் நுழைகிற பொட்டடியில் இவருடைய குரல். அந்தப் பக்கம் கமலம். பக்கத்து வளவு, புருஷன் செத்து ஐந்து வருஷம். இன்னும் ஒரு பல் விழவில்லை, கோதாரி.
"நெஞ்சு என்ரை சொல்லுக் கேக்குதில்லை, கமலம். இங்கை நடந்து வந்தால் இன்னும் கூட அடிக்குது."
"அக்காவுக்குச் சொல்லாமல் எத்தினை நாளைக்கு, அண்ணை?"
"ஐயோ, அவவுக்குத் தெரியப்படாது."
அண்ணையாம்! வயிறு பற்றி எரிந்தது. வைக்கோல் கையிலேயே. எனக்கு இத்தனை வருஷத்தில் 'கறிக்கு உப்புக் காணாது' என்பதைத் தவிர நெஞ்சைத் திறந்து என்ன சொல்லியிருக்கிறார்?

ஆனி 7
வேலிப்பொட்டை அடைத்தேன். பனங் கருக்குமட்டை வைத்து, கயிறு போட்டு, இறுக்கி. இவர் பார்த்துக்கொண்டு நின்றார். மனதில் கள்ளம் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்டிருப்பார். கை நடுங்க நடுங்கச் சோறு தின்றார். நடுங்கட்டும்.

ஆனி 9
கிணற்றடியில் விழுந்துவிட்டார். நான் குழறியதில் கமலம் தெருப் படலையால் ஓடிவந்தாள். வள்ளம் பிடித்து ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்கு. "நானும் வாறன், அக்கா" என்று அவளும் ஏறினாள். நான் இவருடைய தலையை மடியில் ஏந்திக்கொண்டு இருந்தேன்.
டாக்குத்தர் கேட்டார்: "நெஞ்சு இப்பிடித் தாறுமாறாய் அடிக்கிறது எவ்வளவு நாளாய்?" எனக்கு அது தெரியவே தெரியாது. கமலம் சொன்னாள்: "சித்திரைக்கு முந்தியே துவங்கினது, ஐயா. என்ரை அவரும் நெஞ்சு வருத்தத்திலை போனவர். அதுதான் அண்ணை என்னட்டைக் கேட்டவர்."
ஆக, நெஞ்சு என்றது வெறும் நெஞ்சைத்தான். என் விசர்ப் புத்தி! ஆறுதல் வரவேண்டும், வரவில்லை. அவளுக்குச் சொன்ன வருத்தத்தை எனக்குச் சொல்லவில்லையே. இது மற்றதைவிட எரிகிறது.

ஆனி 10
ஆசுப்பத்திரி வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். கமலத்தைக் காலை வள்ளத்தில் அனுப்பியாயிற்று.
கழுத்துக்குள் இருக்கிற சுரப்பி மிஞ்சி வேலை செய்கிறதாம். "வயசுபோன ஆக்களுக்குக் கழுத்து வீங்காமலே நெஞ்சிலை காட்டும், அம்மா." மெலிவு, வேர்வை, நடுக்கம், அந்தக் கண் பளபளப்பு, எல்லாம் அதுதான். பாலில் அயடின் துளி. நெஞ்சை அடக்கக் குளிசை. தப்புவாரோ என்றேன். "பாப்பம்" என்றார் டாக்குத்தர்.
இவரிடம் கேட்டுவிட்டேன், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று.
"நீர் அழுதால் எனக்குப் பார்க்க ஏலாது."
"அவள் அழமாட்டாளோ?"
"அவள் அழுதால் எனக்கென்ன?"
பின்னேரம் டாக்குத்தரிடம், நெஞ்சில் வைத்துக் கேட்கிற அந்தக் குழாயை ஒருக்கால் தரச்சொல்லிக் கேட்டேன். சிரித்துக்கொண்டு, ஒரு நுனியை இவருடைய நெஞ்சில் வைத்து, மற்றதை என் காதில் மாட்டிவிட்டார். ஓடுகிறது. தடுக்குப்படுகிறது. நிற்கிறது, ஐயோ என்று நான் நினைக்க, மறுபடி ஓடுகிறது. கமலம் இதைக் கேட்டதில்லை.